கீழ்ப்பிடி

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர். வாடிக்கையாளர்கள் வாயில் அவர்கள் பெரியவர், சின்னவர். பத்தொன்பது வருடம் ஒரே வண்டி, ஒரே கயிறு. லிஃப்ட் இல்லாத கட்டடங்கள்தான் பிழைப்பு. குறுகலான படிக்கட்டு என்பதால் பீரோவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடியில் கைகொடுத்துத் தூக்குவார்கள். பெரியவர் கீழ்ப்பிடி, சின்னவர் மேல்பிடி. ஏறினாலும் அப்படித்தான், இறங்கினாலும் அப்படித்தான். உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. முதல் நாள் அண்ணன் போய்க் கீழே நின்றார், அவ்வளவுதான்.

சின்னவருக்கு அதில் ஒரு மனக்குறை. மேல்பிடிக்காரன் பின்பக்கமாகப் படி ஏற வேண்டும். எந்தப் படி எங்கே என்று குதிகாலால் தடவித் தடவிப் போக வேண்டும். "நான் இழுத்துக்கிட்டுப் போறேன், அண்ணன் பின்னாடியே வர்றாரு" என்று டீக்கடையில் சிரிப்புக்குச் சொல்வார். சொல்லிச் சொல்லி அதை அவரே நம்பிவிட்டார். மனுஷ மனசு இருக்கிறதே, தன் வேலைதான் பெரிசு என்று நம்ப அதற்குச் சாட்சியே தேவையில்லை.

கடைசி இரண்டு வருடம் பெரியவர் மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். ஒருநாள் மூன்றாவது மாடியில், வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்னவர் வெடித்தார்.

"சும்மா பேருக்குத் தாங்கிட்டு வர்ற உனக்கே இப்படி மூச்சு வாங்குதுன்னா, என் கதி என்ன? முடியலன்னா ஒதுங்கிக்கோ அண்ணே."

பெரியவர் பீரோவை உள்ளே கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தினார். ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. எட்டு மாதமாகத் தம்பியோடு ஒரு வார்த்தை கிடையாது. தெருவில் எதிரே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். சின்னவரும் வீம்பில் குறைந்தவர் இல்லை.

புதுக் கூட்டாளி பதினொரு நாளில் கம்பி நீட்டினான். அடுத்து வந்தவன் பயில்வான் மாதிரி ஆள். அவனும் ஒரு மாதத்தில், "கீழ நிக்கிறது நமக்கு ஆகாதுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனான். சோம்பேறிப் பயல்கள் என்றார் சின்னவர். மூன்றாவது ஆளுக்கு ரேடியோ என்று பெயர். விடிந்ததிலிருந்து வாய் மூடாது. படிக்கட்டில் கீழ்ப்பிடி பிடித்தால் மட்டும் அந்த ரேடியோ நின்றுவிடும். அப்போதும் சின்னவருக்கு உறைக்கவில்லை.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள்தான் அதைக் கணக்காகப் போட்டாள். பள்ளியில் விசைகளும் திருப்புத்திறனும் நடத்துகிறார்களாம்.

"அப்பா, பீரோ எத்தனை கிலோ?"

"தொண்ணூறு இருக்கும்."

சாய்ந்த பெட்டி ஒன்றை வரைந்து, அதன் நடுவில் புள்ளி வைத்து, அங்கிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தாள். "மொத்த எடையும் இந்தக் கோட்டுல இறங்குது. தரையில தூக்கினா கோடு சரியா நடுவுல இருக்கும், ஆளுக்குப் பாதி. படியில பீரோ சாயுதில்ல, அப்ப கோடு கீழ இருக்கிறவர் பக்கம் நகர்ந்துடும். அவர் கையிலேருந்து அரை மீட்டர், உங்க கையிலேருந்து ஒரு மீட்டர். ஒரு பக்கமா கவிழாம நிக்கணும்னா ரெண்டு பக்கமும் எடையையும் தூரத்தையும் பெருக்கினா ஒண்ணா வரணும். அறுபதை அரையால பெருக்குங்க, முப்பது. முப்பதை ஒண்ணால பெருக்குங்க, அதுவும் முப்பது."

"அதுக்கென்ன?"

"பெரியப்பா கையில அறுபது கிலோப்பா. உங்க கையில முப்பது."

"புத்தகம் எழுதினவன் என்னைக்காவது பீரோ தூக்கியிருக்கானா?" என்று எழுந்து போனார். ஆனால் அறுபது, முப்பது என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வாரம் அண்ணி கூப்பிட்டாள். பெரியவருக்கு முதுகில் டிஸ்க் இரண்டு நசுங்கிவிட்டது. இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம், படி ஏறக் கூடாதாம். நான்காவது மாடியைக் காலி செய்துவிட்டுக் கீழ்த்தளத்துக்கு வீடு மாற்ற வேண்டும். "உங்க அண்ணனுக்குத் தெரியாமதான் கூப்பிடுறேன். வேற ஆளுங்ககிட்ட விட மனசு வரல தம்பி."

காலையிலேயே ரேடியோவோடு போனார். ஜன்னலோரம், இடுப்பில் பட்டை கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அண்ணன். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று இருந்தது சின்னவருக்கு. திட்டினால்கூடப் போதும். கட்டில் போயிற்று, மேஜை போயிற்று, பாத்திரம் பண்டம் போயிற்று. அண்ணன் வாய் திறக்கவில்லை.

கடைசியில் பீரோ. "நீ மேல போ" என்று ரேடியோவிடம் சொல்லிவிட்டு, சின்னவர் கீழே நின்றார். முதல் படி இறங்கியதும் பீரோ சாய்ந்தது. சாய்ந்த மாத்திரத்தில் கனம் அத்தனையும் திரண்டு மணிக்கட்டுக்கு வந்தது. முதுகுத்தண்டில் சுருக்கென்று ஏறியது. பத்தொன்பது வருடம். இப்படியா நின்றாய், அண்ணே?

மேலே சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, பெரியவர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"டேய். நீ மேல வா. கீழ நிக்காத."

எட்டு மாதத்தில் முதல் பேச்சு. சின்னவர் அண்ணாந்து பார்த்தார்.

"கனம் பூரா கீழதான்டா வரும். இடுப்பு போயிடும். அவனைக் கீழ விட்டுட்டு நீ மேல போ."

"உனக்கு இது எப்ப தெரியும்?"

"முதல் நாளே தெரியும்."

"ஏண்ணே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ கீழ வந்திருப்ப."

சின்னவருக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் பீரோவுக்கு அடியில். ரேடியோ மேலிருந்து, "மாத்திக்கலாமாண்ணே?" என்று கேட்டான்.

"வேணாம்," என்றார் சின்னவர். "இறக்கு."