சத்து ஊசி என்று சொன்னார்கள்

"நாலு எழுத்து படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா? எலும்புல ஊசி போட்டா கால் வராம பூடும். அப்போ யாரு பாத்துப்பா? நீ ஏரோப்ளேன் ஏறி போய்க்கினே இருப்ப."

பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, அம்மா இல்லாத நேரம் பார்த்து இப்படிக் கேட்டவர் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எலும்பு மஜ்ஜை எடுக்கும்போது பக்கத்தில் நின்று, வருகிற துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்ப்பதுதான் என் பிழைப்பு. மாமாவுக்குத் தகவல் தந்தது தெருமுனை டீக்கடை. வீட்டில் எல்லோரும் டீக்கடையைத்தான் நம்பினார்கள்.

மீன் விற்கும் அம்மாவுக்குக் கூடையைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது. ரத்த அணுக்கள் குறைந்துகொண்டே போயின, காரணம் புரியவில்லை. மஜ்ஜையைப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடுப்பு போட்டு வந்து, ஒருவழியாக மாமாவைச் சம்மதிக்க வைத்தேன்.

ராயப்பேட்டையில் அந்தச் சிறிய மருத்துவமனைக்கு இட்லிப் பொட்டலத்தோடு ஒரு கூட்டமே வந்தது. சித்தி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா உட்பட அனைவருக்கும் எதற்காக வந்திருக்கிறோம் என்று தெரியும். நோயாளிக்கு மட்டும் தெரியாது. "அட்டெண்டர் யாரு?" என்று, நோயாளியோடு துணைக்கு வந்தவரைக் கேட்டுவிட்டு டாக்டரும் மாமாவிடமே பேசினார். நான் வேலை பார்க்கும் ஊரில் நோயாளி தனியாக வருவார், எல்லாவற்றையும் படித்துவிட்டு வருவார், ஊசியின் கனம் எவ்வளவு என்றுகூடக் கேட்பார். ஒருமுறை மேசையில் படுத்திருந்த மூதாட்டி ஒருவர் என்னை நோக்கிக் கை நீட்டினார். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து நானும் கை குலுக்கி "குட்டன் டாக்" என்றேன். பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது என்று பிறகு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. உண்மையை முழுசாகச் சொல்லிவிட்டு ஆளை அனாதையாகப் படுக்க வைக்கிற ஊர் அது. நம் ஊரைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் அடுத்து நடந்ததையும் கேளுங்கள்.

கட்டிலில் ஏறிய அம்மா டாக்டரிடம், "எவ்ளோ சத்து ஏத்துவீங்க?" என்று கேட்டாள்.

"ஏத்துறது இல்லம்மா. எலும்புக்குள்ள இருந்து கொஞ்சம் எடுக்கப் போறோம்."

அம்மா இறங்கிவிட்டாள். "இன்னாடி, சத்து ஊசின்னான் உங்க மாமன்?"

"உன் நல்லதுக்குத்தான்க்கா சொன்னேன். தெரிஞ்சா பயந்துப்ப," என்றார் மாமா.

"மீனு வாங்க வர்றவ கூட செவுள தூக்கிப் பாத்துட்டுதான் வாங்குறா. என் எலும்ப நோண்ட என்னைய கேக்க மாட்டீங்களா?" செருப்பைத் தேட ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் வெளியே போயிருந்தால் திரும்ப வந்திருக்க மாட்டாள். நோய் என்னவென்று யாருக்குமே தெரியாமல் போயிருக்கும்.

வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னேன். முதுகெலும்பை யாரும் தொட மாட்டார்கள். ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில்தான் எடுப்பார்கள். மருந்து தடவும்போது சில்லென்று இருக்கும், மரத்துப்போகப் போடும் ஊசி எரியும். பிறகு அழுத்தித் திருகுவது தெரியும். மஜ்ஜையை உறிஞ்சும் சில நொடிகள் காலுக்குள் சுரீரென்று இழுக்கும். வலிக்காது என்று யார் சொன்னாலும் பொய். ஊதுபத்திக் குச்சி கனத்தில் எலும்பில் சின்னத் துண்டும் எடுப்பார்கள். பிறகு அந்த இடம் அழுந்தும்படி மல்லாந்து படுக்க வேண்டும். ஒரு நாள் கட்டு நனையக் கூடாது. சில நாள் வலி இருக்கும், கூடை தூக்கக் கூடாது. ரத்தம் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே இங்கே வர வேண்டும்.

"காலு?"

"நடந்துதான் வீட்டுக்குப் போவ."

"இன்னா நோவுன்னு வரும்?"

"தெரியலம்மா. அதுக்குத்தான் எடுக்குறாங்க."

"இத மறைக்கறதுக்கா இத்தினி பேரு வந்தானுங்க?" என்று எழுந்து உள்ளே போனாள். உறிஞ்சிய நொடியில் மாமாவின் பேரைச் சொல்லி ஒரு கெட்ட வார்த்தை விட்டாள். தகட்டில் தேய்க்கக் காத்திருந்த பெண் சிரித்துவிட்டாள். லேசாக நொண்டிக்கொண்டே ஆட்டோவரை அம்மா நடந்தாள். டீக்கடைக்கு இதை யாரும் போய்ச் சொல்லப்போவதில்லை.

முடிவு வருவதற்குள் நான் ஜெர்மனி போயிருப்பேன். அதைச் சொல்லக் கூப்பிட வேண்டிய எண்ணாக மருத்துவமனைக் கணினியில் மாமாவின் எண் இருந்தது. என் ஜெர்மனி எண்ணைச் சொன்னேன். "பத்து நம்பருக்கு மேல ஏறாது மேடம். இந்த ஊர் நம்பர் இல்லையா?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். இந்த ஊரில் எனக்கு இருந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. மாமாவின் எண்ணை எடுத்துவிடச் சொன்னேன்.

"தனியா கேட்டா அக்கா தாங்காதும்மா," என்றார் மாமா, முதல் தடவையாகக் குரலைத் தணித்து.

அம்மாவின் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பெண் தட்டி முடித்து, ஒருமுறை திரும்பப் படித்துக் காட்டினாள்.