கல்லறையில் ஒரு நிமிசம்

"நம்ம பய பேரை அங்கன முட்டி போட்டுச் சொல்லணுங்க" என்று ராயப்பன்பட்டியில் கிளம்பும்போதே மனைவி சொல்லியிருந்தாள். மகன் இறந்து மூன்று வருசமாகியிருந்தது.

எருசலேமில் இயேசுவின் கல்லறையைப் பார்க்க இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். உள்ளே ஒரு நிமிசம்தான் விடுவார்கள். அவள் முட்டி போட்டதும் நான் செல்போனை நீட்டினேன்.

"இந்தா, இங்கன பாரு. கொஞ்சம் சிரி. ஊர்ல போட்டோ கேப்பாகல்ல!"

அவள் திரும்பினாள். பய பேரைச் சொல்வதற்குள் வாசலில் நின்ற துறவி கையைத் தட்டி எங்களை வெளியே அனுப்பிவிட்டார்.

கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலை என்பார்கள். தட்டிவிட்டவன் நான்.

பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "போட்டோவாவது நல்லா வந்திருக்கா?"

அந்தப் பயலுக்கு நானும்தானே அப்பன். அவள் பக்கத்தில் முட்டி போட எனக்கு ஏன் தோணாமல் போச்சு?