என் மகளின் இடுப்பில் கயிறு கட்டியவர்

2010ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறு முடிந்த வாரத்தில், கிரானுக்கு மேற்கே ஓர் ஆற்றங்கரையில் நான் முழங்காலில் விழுந்து என் மகளைக் கேட்டேன். கர்த்தர் அவளைத் தந்தார். அவள் இன்று உங்கள் நடுவில்தான் இருக்கிறாள். ஆனாலும் இந்தச் சாட்சியைச் சொல்ல எழுந்து நிற்பதற்கு எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. ஏன் என்பது, கேட்டு முடிக்கும்போது உங்களுக்கு விளங்கும்.

அதற்கு முன் நான் பல வருடங்களாக ஜெபித்ததில்லை.

சுனாமிக்கு முன் எங்கள் வீடு நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய மணல். 2004 நத்தாருக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மகன் டானியலுக்கு வயது நான்கு, இரவு முழுவதும் காய்ச்சல். என் கணவர் ஜெயராஜ், தான் அவனோடு இருப்பதாகச் சொல்லி எங்களை ஆராதனைக்கு அனுப்பினார். மகள் ஷாமினிக்கு அப்போது எட்டு வயது. அவளைக் கூட்டிக்கொண்டு நான் பட்டணத்துக்கு வந்தேன்.

பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோதுதான் கடல் வந்துவிட்டது என்று வெளியே ஆட்கள் கத்தினார்கள். நான் வாவிக்கரைக்கு ஓடினேன். கூரைகளும் அலுமாரிகளும் ஆட்களும் வாவியில் மிதந்துகொண்டிருந்தார்கள். நத்தாருக்குத் தைத்த சேலையோடு சேற்றில் முழங்காலிட்டேன். இருவரையும் பேர் சொல்லிக் கேட்டேன். ஒருவர் குறைந்தாலும் தாங்கமாட்டேன் என்று சத்தமிட்டுச் சொன்னேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு ஜெபம் நான் செய்ததில்லை. விசுவாசமும் குறைவாக இருக்கவில்லை. அவர் தருவார் என்று அந்த நேரம் முழுமனதாக நம்பினேன்.

கணவரின் உடல் கிடைத்தது. டானியலின் உடல் கிடைக்கவேயில்லை.

நான் சபையை விட்டுப் போகவில்லை. ஞாயிறுதோறும் வந்தேன், இதே வாங்குப் பலகையில் இருந்தேன். எல்லோரும் வாய் திறந்து ஜெபிக்கும்போது என் வாய் திறக்காது. இரவில் ஷாமினி ஜெபிப்பாள், நான் பக்கத்தில் இருப்பேன். கோபம் என்று நினைக்காதீர்கள். கோபம் இருந்திருந்தால் ஏதாவது பேசியிருப்பேன். எனக்குள் பேச்சே இல்லை. பாடசாலைச் சீருடைகள் தைத்து மகளை வளர்த்தேன். அவளைக் கடலுக்கோ வாவிக்கோ கிட்டப் போக விட்டதில்லை. மழைக்குத் தெருவில் தண்ணீர் நின்றாலும் கையைப் பிடித்துக்கொள்வேன்.

2009இல் யுத்தம் முடிந்தது. மூடிக் கிடந்த பாதைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மறு வருடம் சுவிஸில் இருந்து என் தம்பி ராஜன் தன் மனைவி மாலாவோடு வந்தான். வாலிபனாகப் போனவன், அதுதான் முதல் தடவை திரும்பி வருகிறான். என் கணவரின் அடக்கத்துக்கு வர முடியாமற் போனது அவனை மிகவும் வருத்தியிருந்தது. எங்களைக் கொஞ்சம் சிரிக்க வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டான். பாசிக்குடாவில் ஒரு சிறு விடுதியில் அறை எடுத்தான். அங்கே ஒருவர் ஜீப்பில் அரை நாள் காட்டுச் சவாரி கூட்டிப்போவார், ஆற்றில் குளித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம் என்று அறிந்து, அதையும் பேசி வைத்தான். நான் மறுத்தேன்.

"ஆறுதானே அக்கா, கடலில்லையே. பிள்ளையும் ஒரு நாள் சிரிக்கட்டும்," என்றான்.

ஷாமினி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினான்கு வயதுப் பிள்ளை. எதையும் கேட்டு அடம் பிடிக்காதவள். நான் சரி என்றேன். அவளைத் தனியே விட மனம் வராமல் நானும் ஏறினேன்.

ஜீப்புக்காரர் ஓட்டமாவடி ஆள். நஸீர் என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். யுத்த காலத்தில் அதே ஜீப்பில் நெல் மூட்டை ஏற்றினாராம். இப்போது வெள்ளைக்காரரும் வெளிநாட்டில் இருந்து வருகிற நம்மவரும் ஏறுவதால் இருக்கைகளுக்குப் புது உறை போட்டிருந்தார். வழியெல்லாம் கதைத்துக்கொண்டே வந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் என்றார், மூத்தவள் கணக்கில் கெட்டிக்காரி என்றார்.

கிரானைத் தாண்டி அறுவடை முடிந்த வயல் வட்டைகள் நடுவே போனோம். பிறகு தார் இல்லை, கிரவலும் இல்லை. பள்ளத்தில் விழுந்து எழும்பி, ஓடைக்குள் இறங்கி ஏறிப் போனோம். மாலா பயத்தில் கத்த, ஷாமினி சிரித்தாள். வாய் விட்டுச் சிரித்தாள். கூரை இல்லாத வீடுகள் வந்தன. சுவர்களுக்குள் மரம் முளைத்திருந்தது. சில இடங்களில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. அந்தப் பக்கம் இறங்க வேண்டாம், மிதிவெடி இன்னும் எடுத்து முடியவில்லை என்று நஸீர் சொன்னார்.

ஆறு அழகாகத்தான் இருந்தது. இரு கரையிலும் பெரிய மருத மரங்கள். தண்ணீர் முழங்காலளவு, அடியில் மணல் தெரிந்தது. நடுவே ஒரு மணல் திட்டும் அதன் தலைப்பில் ஒரு கற்பாறையும். ராஜனும் மாலாவும் ஷாமினியும் நடந்தே திட்டுக்குப் போய்ப் பாறைக்கு அப்பால் இருந்த மடுவில் குளித்தார்கள். நான் கரையில் இருந்தேன். நஸீர் ஜீப்பின் நிழலில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வெயில் கொளுத்தியது. எங்கள் தலைக்கு மேல் ஒரு முகில் இல்லை. முதல் நாள் மாலை மேற்கே மலைப் பக்கம் பெருமழை பெய்ததை நாங்கள் ஒருவரும் அறியவில்லை. நஸீரும் அறியவில்லை.

முதலில் தண்ணீரின் நிறம் மாறியது. சருகும் நுரையும் வந்தன. பிறகு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எழும்பி நின்று மகளைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட குரல் அடங்குமுன் திட்டு மறைந்துவிட்டது.

ராஜன் மாலாவின் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் அடிபட்டுப் போய்க் கீழே ஒரு மரவேரில் சிக்கிக் கரையேறினார்கள். அவனால் ஒருவரைத்தான் பிடிக்க முடிந்தது. அதற்காக நான் அவனை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஷாமினி பாறையில் ஏறியிருந்தாள். ஏறும்போது விழுந்ததில் ஒரு கை முறிந்து தொங்கியது. தண்ணீர் அவள் பாதத்துக்கு வந்தது. பிறகு முழங்காலுக்கு வந்தது. அவளுக்கு நீந்தத் தெரியாது. தண்ணீர்ப் பக்கமே போகாமல் வளர்த்தவள் நான்தானே. அவள் அழவில்லை. அம்மா என்று மட்டும் சொன்னாள். சத்தம் கேட்கவில்லை, வாய் அசைந்தது தெரிந்தது.

நான் மண்ணில் விழுந்தேன். அத்தனை வருடங்களாகத் திறக்காத வாய் திறந்தது. பெரிய ஜெபம் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, இவளையாவது," என்றேன். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

தலையை நிமிர்த்தியபோது நஸீர் ஜீப்பை இழுக்கிற கயிற்றின் ஒரு நுனியை ஜீப்பில் முடிந்து, மறு நுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார். நான் அவரை எதுவும் கேட்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. பிஸ்மில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கொஞ்சம் மேலே போய் இறங்கியதால் ஆறு அவரைப் பாறைப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது.

அவர் பாறையைப் பிடித்தபோது தண்ணீர் ஷாமினியின் இடுப்புக்கு வந்துவிட்டது. முறிந்த கையோடு அவளால் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. இருவரையும் சேர்த்துக் கட்டக் கயிறு போதவில்லை. அவர் தன் இடுப்பில் இருந்ததை அவிழ்த்தார். அவள் இடுப்பில் சுற்றி இறுக்கி முடிந்தார். அவர் சொன்னதை ஷாமினிதான் பிறகு எனக்குச் சொன்னாள்.

"பயப்புடாத மகள். கண்ண மூடிக்க. உம்மா இழுப்பா. நான் பின்னால வாறன்."

ராஜனும் மாலாவும் அதற்குள் ஓடி வந்துவிட்டார்கள். நாங்கள் மூவரும் இழுத்தோம். என் மகள் தண்ணீருக்குள் போய்ப் போய் மேலே வந்தாள். கரையில் அவளைப் புரட்டிப் போட்டபோது வாந்தியெடுத்தாள், மூச்சு விட்டாள். ராஜன் அவள் இடுப்பில் இருந்த முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினான். வீசினான். எட்டவில்லை. மறுபடியும் வீசினான். நஸீர் பாறையில் மார்பளவு தண்ணீரில் நின்று கையை நீட்டினார். அப்போது வேரோடு பிடுங்கிய ஒரு மரம் ஆற்றோடு வந்தது. அது பாறையில் மோதியது. மரம் போன பிறகு பாறையில் யாரும் இல்லை.

ராஜன் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிரானுக்குப் போய் ஆட்களைக் கூட்டி வந்தான். பின்னேரம் தண்ணீர் வடிந்தது, எதுவுமே நடக்காதது போல. அடுத்த நாள் கீழே ஒரு வட்டை ஓரத்தில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

என் ஜெபம் கேட்கப்பட்டது. ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு நித்திரை போனது. வீட்டுக்கு வந்தவர்கள் சிலர், கர்த்தர் உன் பிள்ளைக்காக ஒரு ஆளை அனுப்பினார் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் என் காதில் அது இன்னொரு விதமாக விழுந்தது. எனக்குத் தருவதற்காக இன்னொரு வீட்டில் இருந்தா அவர் எடுத்தார்? நான் கேட்ட அந்தச் சொல்தான் அந்த மனிதனைத் தண்ணீரில் இறக்கியதா? உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நஸீர் எனக்காக அனுப்பப்பட்டார் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். அவர் தன் மனதால் போனவர்.

ஷாமினியின் கைக்குக் கட்டுப் போட்டபின், அவளையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஓட்டமாவடிக்குப் போனேன். நஸீரின் மனைவி பௌசியா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண்கள் மாதக் கணக்கில் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கிற வழக்கம் அது. ராஜன் வாசலில் ஆண்களோடு தலை குனிந்து நின்றான். மகளும் அங்கேயே தயங்கி நின்றுவிட்டாள். நான் மட்டும் உள்ளே போனேன். என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் போனேன். வெள்ளைச் சேலையோடு பாயில் இருந்தவர் என்னைவிட எவ்வளவோ இளையவர். பக்கத்தில் இடம் காட்டினார்.

ஆற்றங்கரையில் அந்த நேரத்தில் நான் ஆண்டவரிடம் என்ன கேட்டேன் என்று விசாரித்தார். நான் மறைக்காமல் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "நானும் கேட்ட நான் அக்கா. ஒவ்வொரு நாளும் அவர் வெளிக்கிட்டா கேக்கிறதுதான், பத்திரமா கொண்டு வா அல்லாஹ் எண்டு. அண்டைக்கும் கேட்ட நான்."

வாவிக்கரையில் நான் செய்த ஜெபத்தைச் சொன்னேன். ஜெயராஜைச் சொன்னேன். டானியலைச் சொன்னேன். சுனாமிக்குப் பிறகு ஒருவரிடமும் அதை நான் முழுமையாகச் சொன்னதில்லை. அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். என் கையை எப்போது பிடித்தார் என்று தெரியாது. இருவரும் அழுதோம்.

பிறகு சொன்னார்: "எனக்குக் கோவம் இல்ல எண்டு பொய் சொல்ல மாட்டன். ஆனா புள்ளைய நான் பாக்கணும். உள்ள வரச் சொல்லுங்க."

ஷாமினி கட்டுப் போட்ட கையோடு உள்ளே வந்தாள். பௌசியா அவளைக் கிட்ட இழுத்து, கயிறு வெட்டிய காயம் இடுப்பில் எங்கே என்று கேட்டுச் சட்டைக்கு மேலாலேயே கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. சாப்பிட்டியா மகள் என்று கேட்டார். எங்களை வெறும் வயிற்றோடு போக விடவில்லை.

அன்று இரவு நான் ஜெபித்தேன். பௌசியாவுக்காக ஜெபித்தேன். என் வாய் திறந்தது பாறையின் முன்னால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பயத்தில் வந்த சத்தம். பேச்சு திரும்பி வந்தது அந்தப் பாயில் இருந்துதான்.

அதன் பிறகு நானும் மகளும் ஓட்டமாவடிக்குப் போகாத மாதம் இல்லை. இத்தா முடிந்ததும் நான் பௌசியாவுக்குத் தையல் பழக்கினேன். இப்போது அங்கே இரண்டு பாடசாலைகளுக்கு அவர்தான் சீருடை தைக்கிறார். சில நாட்களில் நன்றாகக் கதைப்பார். சில நாட்களில் என்னைப் பார்த்ததும் முகம் இறுகிவிடும், பேசாமல் தைத்துக்கொண்டிருப்பார். அந்த நாட்களிலும் நான் எழும்பி வருவதில்லை. ஷாமினி இப்போது உயர்தரம் படிக்கிறாள். விடுமுறையில் அந்தப் பிள்ளைகள் இருவருக்கும் பாடம் சொல்லிக் கொடுக்கப் போவாள்.

என் மகளை எனக்குத் தந்த கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். முழு மனதோடு சொல்கிறேன். சுனாமி அன்று ஏன் இல்லை, ஆற்றில் ஏன் ஓம் என்று எனக்குத் தெரியாது. நன்றாக ஜெபித்ததால் கிடைத்தது என்று நான் சொன்னால் அது பொய். வாவிக்கரையில்தான் நான் நன்றாக ஜெபித்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கிடைத்த இடத்திலும் கிடைக்காத இடத்திலும் அவர் என்னைத் தனியே விட்டுவிடவில்லை. இல்லாவிட்டால் இன்று நான் இப்படி நின்று பேச முடியாது.

உங்களில் வாய் திறக்க முடியாமல் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். எனக்குத் தெரியும், நான் இருந்த வாங்கு அது. உங்களிடம் பெரிய விசுவாசம் இருக்கவேண்டியதில்லை. ஒரு சொல் இருந்தால் அந்த ஒரு சொல்லோடு அவரிடம் வாருங்கள். அதுவும் இல்லாவிட்டால், உங்களைவிடத் துக்கத்தில் இருக்கிற ஒருவர் பக்கத்தில் போய் இருங்கள். கர்த்தர் அங்கேயும் இருப்பார்.

இப்போது நாம் ஜெபிக்கப் போகிறோம். எங்களுக்காக நீங்கள் ஏற்கெனவே நிறைய ஜெபித்துவிட்டீர்கள். இன்றைக்கு பௌசியாவின் பெயரைச் சொல்லுங்கள். அவருடைய மூத்த மகள் ரிஸ்னா நாளைக்குக் காலையில் சோதனை எழுதுகிறாள். அவள் பெயரையும் சொல்லுங்கள்.