அங்கிள் சரியில்லை

எங்கள் வீட்டுக் கேமராவில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் கழுத்து வரை தெரிவார், எழுந்து நின்றால் இடுப்பு வரை தெரிவார். முகம் என்றைக்குமே தெரியாது. மும்பை தாராவிப் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்ததும் ஆசிரியர் அறையில் போனைத் திறந்து, தலையில்லாத ஒரு மனிதர் தட்டிலிருந்து இட்லி எடுப்பதைப் பார்ப்பேன். இட்லி மேலே போகும், திரும்பி வராது. சரி, சாப்பிடுகிறார் என்று அதை வைத்து நானாகத் தெரிந்துகொள்வதுதான்.

விளையாட்டுக்கு வாங்கிய கேமரா இல்லை அது. போன மழைக்காலத்தில் அவர் சமையலறை வாசலில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, நான் பள்ளி விட்டு வரும்வரை அப்படியே கிடந்தார். கதவைத் திறந்தபோது, "வந்துட்டியா? காபி போடு" என்றார். ஆபரேஷன் முடிந்து கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தனியாக விட மனசு வரவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் மலிவாக ஒரு கேமராவை வாங்கி டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தேன். அது ஹாலின் வலது பாதியை மட்டும் காட்டியது. அவர் விழுந்த சமையலறை வாசல் இருப்பது இடது பக்கம்.

அவருக்கோ பாதி மட்டும் தெரிந்ததில் பரம திருப்தி. சொந்தமாக லேத் பட்டறை வைத்து, யாருக்கும் கைகட்டிப் பதில் சொல்லாமல் காலம் தள்ளிய மனிதர்.

"நான் என்ன நகைக்கடையா ஏட்டி, கேமரா வச்சுப் பாக்கதுக்கு?"

"மறுபடி விழுந்தா எனக்கு எப்படித் தெரியும்? அந்த வாசல் வரைக்கும் தெரியணும்லா?"

"பாதி தெரியுதுல்லா, அது உனக்கு. மீதிப் பாதி எனக்கு இருக்கட்டும்."

நான் விடுவேனா? அந்த மீதிப் பாதிக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேமராவைப் பின்னுக்குத் தள்ளினேன், சுவர் தடுத்தது. ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றினேன், மின்விசிறியின் இறக்கைகள் அருமையாகத் தெரிந்தன. சயான் ஸ்டேஷன் வாசலில் போன் சாமான் விற்கிறவரிடம் கிளிப் வைத்த குட்டி லென்ஸ் ஒன்று வாங்கி மாட்டினேன். அகலம் வந்தது. ஆனால் பீரோ வளைந்து, சுவர்கள் உப்பி, வீட்டுக்காரரின் தொப்பை ஹால் முழுக்க நிறைந்துவிட்டது. அந்தப் படத்தை அவரிடம் காட்டியிருக்கக் கூடாது. லென்ஸ் அன்றே காணாமல் போயிற்று.

ஆள் வைத்துத்தான் சரி பண்ண வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் சுனாபட்டிக் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் போனில் ஒரு குரூப் உண்டு. இளவட்டங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. தமிழையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். நான் தமிழ் டீச்சர், தமிழ் எழுத்தில்தான் போடுவேன். யாராவது குறிலுக்கு நெடிலோ நெடிலுக்குக் குறிலோ போட்டால் எல்லோர் முன்னிலையிலும் திருத்துவேன். இதனால் குரூப்பில் எனக்கு நல்ல பெயர் என்று சொல்ல முடியாது.

அன்று இடைவேளையில் தட்டி எழுத நேரமில்லை. பேசினால் போனே எழுதிக்கொள்ளுமே, அதை அமுக்கிக்கொண்டு தெளிவாகச் சொன்னேன்: "ஆங்கிள் சரியில்லை. பாதிதான் தெரிகிறது. இடது பக்கம் சுத்தமாக இல்லை. தெரிந்த ஆள் யாராவது இருந்தால் உடனே வீட்டுக்கு அனுப்பவும்."

போன் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியது, ஒரே ஒரு நெடிலைத் தவிர. ஆங்கிள், அங்கிள் ஆகிவிட்டது. நான் அதைத் திரும்பப் படிக்காமல் அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

எங்கள் கட்டடத்தில் அங்கிள் என்றால் அது என் வீட்டுக்காரர்தான். தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் எதிர்வீட்டுப் பெண்ணிடம் போனை நீட்ட, அவள் மாடிப்படியில் நின்று சத்தமாக வாசித்து, விளக்கமும் சொல்லியிருக்கிறாள். அங்கிளுக்குப் பாதிதான் கண் தெரிகிறதாம், இடது பக்கம் போய்விட்டதாம். கட்டடமே எழுந்து ஓடிவந்திருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

வகுப்பு முடிந்து போனைத் திறந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. அதைச் சுற்றி இடுப்புகள். ஒரு லுங்கி, இரண்டு மூன்று நைட்டிகள், ஒரு டிராக் பேண்ட். ஒரு கை ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கமாகப் போய் மறைந்தது. ஒரு நைட்டி துப்பட்டாவின் நுனியை மேலே கொண்டுபோயிற்று. மேலே என்ன, கண்ணைத்தான் துடைத்திருப்பாள். அந்தக் கேமராவில் சத்தம் வராது. அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

பக்கத்து வகுப்பு டீச்சரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஆட்டோவில் சயான் நெரிசலில் மாட்டிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்புகள் கூடிக்கொண்டே போயின. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "டென்ஷன் மத் லோ, மேடம்" என்று தேற்றினார். போனில் இருக்கும் படத்தைக் கையால் விலக்கி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாதா என்று நான் நிஜமாகவே கழுத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தேன்.

படியேறி உள்ளே நுழைந்தால், இடது பக்கக் கட்டிலில் என் வீட்டுக்காரர் முழுசாக இருந்தார். கையில் இளநீர், நெற்றியில் ஈரத்துண்டு, புஜத்தில் அழுத்தக் கருவி. எழப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பையன், "அங்கிள், ஆப் லேட்டியே!" என்று தோளைப் பிடித்துப் படுக்க வைத்துக்கொண்டிருந்தான்.

என்னைக் கண்டதும் அவர் கத்தினார். "ஏட்டி, எனக்கு இடது பக்கம் இல்லன்னு எழுதுனியாமே? இது என்ன, காலு இல்லியா?"

"டீச்சரக்கா, நீங்கதான அங்கிள் சரியில்லன்னு போட்டிய?" என்று எதிர்வீட்டுப் பெண் போனை நீட்டினாள். கண்மை கலைந்திருந்தது.

வாசித்தேன். "இது அங்கிள் இல்ல, ஆங்கிள்" என்றேன். "ஆ. நெடில். கேமரா ஆங்கிள்."

வீடே சிரித்தது. இத்தனை வருஷம் நான் திருத்தியவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவரும் இளநீர் சிந்தச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தரையில் உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைகள் முன்னால் அழாத நான் கட்டடத்தின் முன்னால் அழுதேன்.

"நாற்காலி காலியாக் கெடந்துது. உங்களக் காணல. போனும் எடுக்கல" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். கையிலிருந்த பட்டையைப் பிய்த்துப் போட்டார். கூட்டத்தில் இரண்டாவது மாடிக்காரரும் நின்றிருந்தார். செம்பூரில் கேமரா மாட்டும் கடையில் வேலை செய்பவர், அங்கிளைத் தூக்க வந்தவர்.

"தம்பி, அந்த மூலையில, உச்சியில மாட்டிரு" என்றார் என் வீட்டுக்காரர் அவரிடம். "சமையக்கட்டு வாசலு தெரியணும். முழுசும் தெரியணும்."

அகல லென்ஸ் வைத்த வேறு கேமராவைக் கொண்டுவந்து, கூரையை ஒட்டிய மூலையில், கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டிவிட்டுப் போனார் இரண்டாவது மாடிக்காரர்.

மறுநாள் இடைவேளையில் திறந்தேன். ஒரே பார்வையில் வீடு முழுக்க விரிந்தது. கட்டில், நாற்காலி, ஜன்னல், அந்தச் சமையலறை வாசல். அவருக்கு முகம் இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது அவர் எழ ஆரம்பித்தார். நாற்காலியின் கைகளை அழுத்தி எழும்பி, முடியாமல் விழுந்து உட்கார்ந்தார். மறுபடி முயன்றார், மறுபடி உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து, உடம்பைத் திருகித் திருகி மேலே இழுத்தார். எழுந்ததும் கொஞ்ச நேரம் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கம்பு ஊன்ற ஆரம்பித்த பிறகு அவர் எழுந்திருப்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழும் நேரம் வந்தால் என்னை எங்காவது அனுப்புவார். தண்ணி கொண்டா என்பார், கேஸை அணைச்சியா பாரு என்பார். நான் திரும்பி வரும்போது கம்பை ஊன்றிக் கம்பீரமாக நிற்பார். பழைய கேமராவில் எனக்கு அகப்பட்டதும் உட்கார்ந்த உடம்போ, நின்ற காலோதான். அவர் எனக்குத் தராமல் வைத்திருந்த பாதி இதுதான்.

போன் அடித்தது. அவர்தான்.

"ஏட்டி, எல்லாம் தெரியுதா?"

படத்தில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லங்க, இப்பம்தான் மணி அடிச்சுது. இன்னும் தொறந்து பாக்கல" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பை ஊன்றி நிமிர்ந்தார்.

"அப்படின்னா இப்பம் பாரு" என்றார்.