தலை வராத யானை

மரத்தில் பசில், அதாவது துண்டு துண்டாக அடுக்கிச் சேர்க்கிற உருவங்கள், வெட்டுகிறவர்களுக்கென்று ஃபோனில் ஒரு குழு இருக்கிறது. வெட்டியதைப் படமெடுத்துப் போடுவோம். ஒருவர் வெட்டியதை இன்னொருவருக்குத் தபாலில் அனுப்புவதும் உண்டு. என்னுடைய பூக்களையும் தோணிகளையும் படத்தில் பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கையில் வாங்கியவர்களிடமிருந்து மட்டும் ஒரு குறை தவறாமல் வரும்: கடைசித் துண்டு ஆடுகிறது. அறுக்கிற வாளை மாற்றிப் பாருங்கள், மேசை சரிந்திருக்கும், கை நடுங்கியிருக்கும் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நான் ஒரு சிரித்த முகத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். வேண்டுமென்றுதான் அப்படி வெட்டுகிறேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அப்புறம் யானையின் கதையைச் சொல்ல வேண்டிவரும்.

நான் வெட்டுகிற மெஷின் வாப்பாவுடையது. கட்டாரிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தார். இப்போது உம்மாவும் அவரும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர் உழைத்துக் கட்டிய வீடு. ஆனாலும் ஃபேன் போடுவதற்குக்கூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறார். பக்கத்து அறையில் இருக்கிற மனிதரை நினைத்தும் ஏங்கலாம் என்பது எனக்கு அவரால்தான் தெரியவந்தது.

அவர் கட்டாருக்குப் போனபோது நான் குர்ஆன் ஓதப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த சின்னப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். எங்கள் வீட்டில் மூத்தவள் ராத்தாவும் நானும் என்று இரண்டு பெண்கள், ஆகவே இரண்டு வீடு. ராத்தாவின் வீட்டுக்கு அத்திவாரம் போட்ட கையோடு வாப்பா கட்டாருக்கு விமானம் ஏறினார். கூரை போட்டதும் வந்துவிடுவேன் என்றாராம். கூரை வந்தது, வாப்பா வரவில்லை. கூரைக்குப் பிறகு நிலத்துக்குப் பதிக்க மாபிள் இருக்கிறது, மாபிளுக்குப் பிறகு நான் இருக்கிறேன் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

கட்டாரில் தொழிலாளர் கேம்ப்பில் வாப்பாவின் அறையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் இருந்தார். அவரிடம் ஸ்க்ரோல் சோ என்கிற சின்ன மெஷின் இருந்தது. ஊசி போன்ற மெல்லிய வாள் மேலும் கீழும் துடிக்கும். பலகையை அதன் முன்னால் வைத்துத் திருப்பத் திருப்ப, கோடு போகிற வழியெல்லாம் அது போகும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மற்றவர்கள் படுத்துவிடுவார்கள். வாப்பா மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். அவர் வேலை செய்த ஸ்டோரில் சாமான் அடுக்கி இறக்கிய பழைய பெலட் பலகைகளைக் கழற்றிவந்து பூ, பிறை, தோணி என்று வெட்டி அறைக்காரர்களுக்குக் கொடுப்பார். அதை எங்களுக்கு வீடியோ கோலில் காட்டுவார். வாள் ஓடுகிற இரைச்சலில் அவர் கதைப்பது பாதி கேட்காது.

“ஒங்களுக்கு என்ன வேணும் மகள்?” என்று ஒருநாள் கேட்டார்.

யானை என்றேன். அதற்குக் காரணம் இருந்தது. போவதற்கு முன் ஒரு பின்னேரம் என்னை மோட்டார் சைக்கிளில் சம்மாந்துறைப் பக்கம் கூட்டிப்போனார். அறுவடை முடிந்த வயலில், வெகுதூரத்தில் யானைகள் நின்றன. எனக்குத் தெரியவில்லை என்றதும் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அந்த யானைகள் எப்படி இருந்தன என்பது மறந்தே போய்விட்டது. விழுந்துவிடாமல் வாப்பாவின் தலைமயிரைப் பிடித்திருந்தது மட்டும் இன்னும் கையில் இருக்கிறது.

முதலில் வந்தது யானை இல்லை, வெறும் சட்டம். லீவில் வந்த மருதமுனைக்காரர் ஒருவரிடம் வாப்பா கொடுத்துவிட்டிருந்தார். உம்மாவும் நானும், உம்மாவின் தம்பியான சின்ன மாமாவும் த்ரீவீலில் போய் எடுத்துவந்தோம். சொக்கலேட், பால்மா, உம்மாவுக்கு ஓர் அபாயா, அடியில் பழைய டீஷேர்ட்டில் சுற்றிய சட்டம். நாலு பக்கமும் விளிம்பு வைத்த தட்டைப் போல இருந்தது.

“கட்டார்ல இரிந்து வெறும் தட்டு அனுப்பின ஒரே மனிசன் எங்கட மச்சான்தான்” என்றார் சின்ன மாமா.

அன்று பின்னேரம் வாப்பா விளக்கம் சொன்னார். யானையை வெட்டி முடித்துவிட்டாராம். ஒன்றாக அனுப்பினால் ஒரே நாளில் அடுக்கி முடித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவேனாம். அதனால் ஊருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு துண்டு வரும்.

“தலைய மட்டும் ஒருத்தர்ட்டயும் குடுக்க மாட்டன். அத நானே கொண்டு வருவன்.”

“வந்து?”

“வந்து பூட்டுவன். பூட்டின மறுகா வாப்பா இஞ்சதான்.”

உம்மா ஃபோனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்துவைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். நான்தான் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கட்டாரிலிருந்து யார் எப்போது வருகிறார் என்ற விஷயத்தில் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. நிந்தவூர்க்காரர் ஒருவர் முன்னங்காலைக் கொண்டுவந்தார். அக்கரைப்பற்றுக்காரர் வயிற்றைக் கொண்டுவந்தார். வாலைக் கொண்டுவந்தவர் பாடுதான் பாவம். பெட்டியில் என்ன என்று விமான நிலையத்தில் கேட்டதற்கு, யானை வால் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு நெடுநேரம் நின்றாராம். எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் துண்டு வாங்கப் போகிற வீடுகளில் எனக்குச் சிரிப்பு வராது. அந்த வீடுகளில் எல்லாம் ஒரே வாசம்தான், அத்தரும் புதுத் துணியும் கோழிக் கறியும். வந்த மனிதர் சாரத்தை உடுத்துக்கொண்டு கதிரையில் இருப்பார். அவருடைய பிள்ளை அவர் மடியை விட்டு இறங்காது. நான் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பொறாமை என்றால் அப்படியொரு பொறாமை. உம்மா கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகருவேன்.

இதற்கிடையில் ஓதப் பள்ளியில் ஒரு சிக்கல் கிளம்பியது. உயிருள்ளவற்றின் உருவத்தை வைத்திருக்கும் வீட்டுக்கு மலக்குமார், அல்லாஹ்வின் வானவர்கள், வரமாட்டார்கள் என்று மௌலவி ஒருநாள் சொல்லிக்கொடுத்தார். வானத்திலிருந்து இறங்கிவருகிற மலக்குமார் எங்கள் வீட்டு வாசலில் யானையைப் பார்த்துத் திரும்பிப் போவதை நினைத்து நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். உம்மா சுவரில் சாய்த்திருந்த சட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தலை இல்லாட்டி உருவம் இல்ல புள்ள. அது கிடக்கட்டும்.”

“தலை வந்தா?”

“வரட்டும். மறுகா பாப்பம்.”

அப்படியாக, தலையில்லாத யானை ஒன்று மார்க்கத்துக்குப் பங்கமில்லாமல் எங்கள் வீட்டில் குடியிருந்தது. நான் தினமும் அதை எடுத்துத் துண்டு துண்டாகக் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, திரும்ப அடுக்கி வைப்பேன். வாப்பா வரும்போது சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

நோன்புப் பெருநாளைக்கு வருவதாகச் சொன்னார். லீவு கிடைக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் கிடைக்கவில்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதைச் சின்ன மாமாவால் பார்க்க முடியவில்லை போலும். எங்கள் தெருவில் மரவேலை செய்கிற ஓடாவியிடம் சட்டத்தைக் கொண்டுபோய்க் காட்டி, பலகையில் ஒரு தலையை வெட்டுவித்துக்கொண்டு வந்தார்.

“இந்தா, வந்திட்டுப் பாரு ஒன்ட யானைக்குத் தலை!”

அது எருமைச் சாடையில் இருந்தது. ஆனால் வைத்த மாத்திரத்தில் சிக்கென்று உட்கார்ந்துகொண்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள்.

“தலை இஞ்ச இரிந்தா வாப்பா என்னத்தக் கொண்டு வருவாரு? அவரு என்னத்துக்கு வருவாரு?”

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் சின்ன மாமா அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். உம்மா அந்தத் தலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் அடுப்பில் வைத்தார். உருவம் என்பதால் எரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வாப்பா மாரியில் வந்தார். எங்கள் வீட்டில் மாரி பிறந்த சங்கதியைக் கதவுகள்தான் முதலில் சொல்லும். மழையையும் கடற்காற்றையும் குடித்து ஊதிப்போய் நிலையோடு இறுகிக்கொள்ளும். தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். எங்களுக்கு அது பழக்கம். வாப்பா அறைக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து, ஈரச் சட்டையோடு ஒதுங்கி நின்றார்.

“தள்ளுங்க. ஒங்கட ஊடுதானே” என்றார் உம்மா.

நான் உம்மாவின் பின்னால் நின்றேன். ஃபோனின் அளவில் பார்த்துப் பழகிய வாப்பா இவ்வளவு பெரிய ஆளாக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கூப்பிட்டார், போகவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியில் சுற்றிய எதையோ எடுத்தார். தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, காதை விரித்துக்கொண்டு, கண் இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு துளையோடு, என் யானையின் தலை. நான் ஓடிப்போய்ச் சட்டத்தைத் தூக்கிவந்தேன்.

தலை போகவில்லை.

திருப்பி வைத்துப் பார்த்தார். மெல்லத் தட்டிப் பார்த்தார். காது மட்டும் உள்ளே போய், தும்பிக்கை வெளியில் நின்றது.

“இது அந்தத் தலைதானா வாப்பா?”

“இதுதான் மகள். இதத்தான் வெட்டினன்.”

“இஞ்ச மாரியெல்லா. எல்லாம் ஊதியிரிக்கி” என்றார் உம்மா. நான் ஈரத் துணியால் துடைத்த துடைப்பும் அதற்கு உதவியிருக்கும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பூட்டினால்தானே வாப்பா இங்கே இருப்பார்? சின்ன மாமா எங்கிருந்தோ சாண்ட் பேப்பர் தேடிக்கொண்டு வந்தார்.

“மச்சான், மத்தத் துண்டுகள உரசுங்க. தலைய ஏன் குறைக்கிறீங்க, வடிவு கெட்டுப் போகும்.”

“அதுகள் ஒண்டா இரிந்து பழகிட்டுகள்” என்றார் வாப்பா. “நான் கொண்டு வந்தத உரசுறதுதான் சரி.”

வாசற்படியில் உட்கார்ந்து, மழையைப் பார்த்தபடி தலையை உரசினார். கொஞ்சம் உரசுவார், வைத்துப் பார்ப்பார், எடுத்துத் திரும்பவும் உரசுவார். உம்மா தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து, கொடுக்க மறந்துபோய், பின்னாலேயே நின்றார். தும்பிக்கை மெலிந்து, காது சிறுத்து, கடைசியில் தலை உள்ளே போய் உட்கார்ந்தது. நான் குதித்தேன். வாப்பா தன் விரல்களில் ஒட்டிய மரத்தூளை ஊதிவிட்டுச் சிரித்தார். இனி அவர் இங்கேதான் என்று நான் ஓதப் பள்ளி முழுக்கச் சொல்லிவைத்தேன்.

தலை வந்ததும் பார்ப்போம் என்ற உம்மா அதைப் பற்றி மூச்சே விடவில்லை. அந்த லீவு முழுக்க முழு யானை வீட்டில் இருந்தது. மலக்குமார் என்ன செய்தார்களோ.

ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வாப்பாவின் பெட்டி இல்லை. செருப்பு இல்லை. புறப்படும்போது நான் அழுவேன் என்று சொல்லாமல் போய்விட்டாராம். நான் நேராக யானையிடம் போனேன். தலை அசையவில்லை, இறுக்கமாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாகப் பூட்டியிருக்க, வாப்பா எப்படிப் போனார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மாரி ஓய்ந்து கோடை வந்தது. கதவுகள் இளகின. ஒரு பகலில் டக்கென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தலை கீழே கிடந்தது. திரும்ப வைத்தேன். நிற்கவில்லை, விழுந்தது. எனக்குப் பிடிபடாத சந்தோஷம். அன்றைக்குக் கோல் வந்ததும் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டேன்.

“வாப்பா, தலை கழண்டு விழுந்திட்டு! வந்து பூட்டுங்க.”

“கூட உரசிட்டன் போல மகள்” என்றார். சிரித்தார். பிறகு அந்த முகம் அப்படியே நின்றது. சிக்னல் போய்ப் படம் நின்றுவிட்டதென்று நான் ஃபோனைத் தட்டினேன். அவருக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

உம்மா அன்றைக்கே தலையை எடுத்துக்கொண்டார். திரும்பக் கேட்டேன்.

“உருவம் புள்ள. மலக்குமார் வரமாட்டாங்க.”

நியாயம்தான் என்று விட்டுவிட்டேன். யானை பழையபடி தலையில்லாமல் நின்றது.

சில நாள் கழித்து, பகலில் லுஹர் தொழுத தொழுகைப் பாயிலேயே உம்மா இருந்தார். அலுமாரி திறந்திருந்தது. வாப்பா விட்டுப்போன சாரத்தின் மடிப்புக்குள்ளிருந்து தலையை எடுத்து, அவர் உரசிய ஓரத்தில் பெருவிரலை வைத்து மெல்ல மெல்லத் தடவினார். பிறகு அதை மூக்கருகில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். மாரி கிட்டிவிட்டதா, துண்டு ஊதுகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். திரும்பச் சாரத்துக்குள்ளேயே வைத்துவிட்டு, அலுமாரியைச் சாத்த மறந்து குசினிக்குப் போனார். வாப்பாவின் சாரத்துக்குள் உருவத்தை ஒளித்துவைத்திருப்பது மலக்குமாருக்குத் தெரிந்துவிட்டால் உம்மா மாட்டிக்கொள்வாரே என்று எனக்குப் பயமாக இருந்தது. சத்தம் கேட்காமல், அலுமாரிக் கதவை நானே மெதுவாகச் சாத்தினேன்.