வாசலில் தலைகீழாகத் தொங்கிய அகேவ்

மைசூரு ஹெப்பாளில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் அழகுக்காக அகேவ் வளர்க்கிறேன். பார்க்கக் கற்றாழை போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு இலை நுனியிலும் ஊசி மாதிரி முள் உண்டு.

திருஷ்டிக்காக வாசலில் கட்டியிருந்த சோற்றுக்கற்றாழை போன ஆடி அமாவாசைக்குக் காய்ந்துபோனது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, தொட்டியில் முளைத்திருந்த அகேவ் கன்று ஒன்றைப் பிடுங்கி, வழக்கம்போல் வேர் மேலே இருக்கும்படி, கொஞ்சம் தாழ்வாகக் கட்டினேன். முள்ளெல்லாம் கீழே பார்த்து நின்றது என் புத்திக்கு எட்டவில்லை.

மாலையில் கம்பெனி பஸ்ஸில் வந்த கணவர், வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டு முகத்தைத் தூக்கியபடி நிமிர்ந்தார். டக்கென்று ஒரு சத்தம். அவருடைய மூக்குக்கண்ணாடியில், சரியாகக் கருவிழிக்கு நேரே ஒரு கீறல்.

"ஏ சுதா, இது திருஷ்டிக்குக் கட்டுனதா, என் கண்ணைக் குத்தக் கட்டுனதா?"

"எல்லாம் கத்தாழைதானேன்னு..." என்று இழுத்தேன்.

அன்றே கன்றைத் தொட்டியில் நட்டேன். இப்போதெல்லாம் புது அகேவ் வந்தால், பச்சை இலையில் படாமல் நுனி முள்ளை மட்டும் நகவெட்டியால் நறுக்கிவிடுகிறேன். வாசலில் எலுமிச்சையும் மிளகாயும்தான் தொங்குகின்றன. அவர் மட்டும் இன்னமும் குனிந்துகொண்டேதான் உள்ளே வருகிறார்.