அண்ணன் பெயரில் தம்பி ரத்தம்

சந்தனத்தின் பெயரில் நான் முதலில் எடுத்தது அவருடைய தம்பி முனீஸின் ரத்தம். காங்கேயம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் வருடாந்தர மருத்துவ முகாம். அதே ஊரின் ராயபுரத்தில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து போயிருந்தேன். ‘சந்தனம், கட்டிங் மாஸ்டர், வயது 41’ என்ற அட்டையோடு ஒருவர் வந்தார். அட்டையிலிருந்த முகமும் அவர் முகமும் ஒரே அச்சு. பிரஷர் 156/100. கால்விரலை வீங்க வைக்கிற யூரிக் ஆசிட், ஏழுக்குள் இருக்க வேண்டியது, ஒன்பதைத் தாண்டியிருந்தது.

பிரஷர் உள்ளவர்களை அந்தக் கம்பெனியில் கத்தி மிஷினில் விடமாட்டார்கள். அடுக்கிய துணியை மொத்தமாக அறுக்கிற கத்தி; தலை சுற்றினால் விரல் போய்விடும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, துணி மடிக்கும் வேலையில் சேர்ந்து, அந்த மிஷினைப் பிடித்தவர் சந்தனம். பதினாறு வருடமாக அதில்தான் நிற்கிறார். இரண்டு வருடமாகக் கால் பெருவிரல் அடிக்கடி வீங்கியது, தலையும் கனத்தது. மிஷின் போய்விடுமே என்று, வேறு யூனிட்டில் செக்கிங் பார்க்கும் தம்பியை அனுப்பியிருக்கிறார். முனீஸ் கறி தின்னமாட்டார், குடிக்கமாட்டார். அந்தத் தைரியம்தான்.

ரிப்போர்ட் வாங்க இருவரும் ஒரே வண்டியில் வந்தார்கள்.

“ஏல, ஒன்னைய நம்பி அனுப்புனதுக்கு இதான் மிச்சமா?” என்றார் சந்தனம்.

“ஆட்டுக்குடல் திங்கது நீயி, பிரஷர் எனக்கா? டியூப்ப மாத்திப்புட்டாங்க.”

“டியூப் மாறலீங்கண்ணா, ஆளுதான் மாறியிருக்குது” என்றேன்.

சந்தனம் குரலைத் தாழ்த்தினார். “தம்பி, நம்பரக் கொஞ்சம் கொறச்சுப் போட்டுருங்க. கத்திய விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?”

“அது முடியாதுங்கண்ணா. எங்க ஊட்ல முதல்ல டிகிரி வாங்குனவன் நானுங்க. அதுக்கா படிச்சேன்?”

இருவரையும் எங்கள் நிலையத்து டாக்டர் சித்ராதேவியிடம் அழைத்துப் போனேன். அவர் சந்தனத்துக்குப் பிரஷர் பார்த்தார். 172/110.

“அப்பாவுக்கு இருந்துச்சுங்களா?”

“அவருக்கும் கால்வெரல் வீங்கும். அம்பது வயசுல ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு, எட்டு நாள்ல போயிட்டாரு.”

யூரிக் ஆசிடை ஏற்றுகிற மரபணுக்களில் சிலவற்றுக்கு ரத்த அழுத்தத்தோடும் தொடர்பு இருக்கிறது, ஒன்றுதான் மற்றதை இழுத்து வருகிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை என்றார் டாக்டர். நான் பாடமாகப் படித்த விஷயம். அது ஒரே பெஞ்சில் அண்ணன் தம்பியாக உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

“அப்ப நான் கறி தின்னாம இருந்தது வீணா மேடம்?” என்றார் முனீஸ்.

“தின்னிருந்தா இன்னும் ஏறியிருக்கலாமுங்க. இந்த ரிப்போர்ட் செல்லாது. அவங்கவங்க பேர்ல எடுத்தாத்தான் மருந்து எழுதுவேன். கம்பெனிக்கும் அதுதான் போகும்.”

“அப்பாவுக்கு அம்பது. இன்னும் ஒம்பது வருசந்தான் இருக்கு” என்றார் சந்தனம். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு என் முன்னால் நீட்டினார். மறுநாள் மேனேஜரிடம் ஆள் மாற்றியதையும் அவரே சொன்னார்.

மூன்று மாதத்தில் பிரஷர் 134-க்கு இறங்கியது. கம்பெனி எடுத்துக்கொண்ட மிஷின் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது அதே கம்பெனியில், கட்டிங்குக்குத் துணி விரிக்கும் மேசையில் நிற்கிறார். சம்பளம் குறைவு. முனீஸும் மாத்திரை போடுகிறார்.